உங்கள் எம்.பி.யின் நிலைக்குழுப் பணியைத் தேடிப் படிப்பது எப்படி?

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் செயல்பாட்டை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் அவர் அவையில் பேசிய காணொளிகளையும், எழுப்பிய கேள்விகளின் எண்ணிக்கையையும், வருகைப்பதிவு விழுக்காட்டையும் பார்த்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பி.ஆர்.எஸ். போன்ற ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் வருகைக் கணக்கும் அவைக்கு வந்த நாள்களைப் பற்றியதே. அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்களின் சிறு குழுக்களான நிலைக்குழுக்களின் கூட்டங்கள் அதில் சேர்வதில்லை. அமைச்சகச் செயலாளர்களை எதிரே உட்காரவைத்து, செலவழிக்கப்படாத நிதி ஏன் மீந்தது என்று கேட்கும் வேலை மூடிய கதவுக்குள் நடக்கிறது. ஊடகங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. எனினும், நடந்ததன் தடயம் குழு அறிக்கைகளின் பின்னிணைப்புகளில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

முதலில், உங்கள் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் பக்கத்திலும் அவர் வகித்த பொறுப்புகளின் கீழ் இந்த விவரம் இருக்கும். துறைசார் நிலைக்குழுக்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என அதிகபட்சம் 31 உறுப்பினர்கள் இருப்பார்கள். 1993இல் 17 குழுக்களோடு முழு வடிவம் பெற்ற இந்த ஏற்பாடு 2004இல் 24 ஆக விரிந்தது. குழுக்களின் ஆயுள் பொதுவாக ஓராண்டே என்பதால், எந்த ஆண்டின் பட்டியலைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் எம்.பி. அமைச்சராக இருந்தால் தேட வேண்டியதில்லை; அமைச்சர்கள் இக்குழுக்களில் இடம்பெற முடியாது.

இந்த இடத்தில் இரண்டு குழப்பங்களைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் ‘ஆலோசனைக் குழு’ என்று ஒன்று உண்டு. அதற்கு அந்தத் துறையின் அமைச்சரே தலைவர். கேள்வி கேட்கப்பட வேண்டியவரே தலைமை இருக்கையில் அமர்வதால் அதை நிலைக்குழுவோடு ஒப்பிட முடியாது. மற்றொன்று, கட்சி கடந்து உறுப்பினர்கள் ஒரு பொருளை முன்னிட்டுக் கூடும் மன்றங்கள். நீர்ப் பாதுகாப்புக்கு 2005இலும், குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் 2006இலும், பேரிடர் மேலாண்மைக்கு 2011இலும் இப்படி நாடாளுமன்ற மன்றங்கள் அமைக்கப்பட்டன. நிபுணர்களோடு கலந்துரையாடவும் உறுப்பினர்கள் விஷயம் தெரிந்துகொள்ளவும் அவை பயன்படும். ஆனால் நிலைக்குழுவின் வேலையில் அவை தலையிடக் கூடாது என்பதே ஏற்பாடு. மன்றத்தில் உறுப்பினர் என்று ஒருவர் தன் துண்டறிக்கையில் போட்டுக்கொண்டால், அதை ஆர்வத்தின் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழு தெரிந்த பிறகு அதன் அறிக்கைகளைத் திறக்கலாம். மானியக் கோரிக்கைகள் (அமைச்சகங்கள் ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் நிதி) பற்றியவை, குழுவே தேர்ந்தெடுத்த பொருள் பற்றியவை, மசோதாக்கள் பற்றியவை, பரிந்துரைகள் மீது அரசு எடுத்த நடவடிக்கை பற்றியவை என அவை நான்கு வகைப்படும். எந்த வகையாயினும் முன்னுரையைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்குச் செல்லுங்கள். அங்கே ஒவ்வோர் அமர்வின் நடவடிக்கைக் குறிப்பும், அன்று வந்திருந்த உறுப்பினர்களின் பெயர்களும் அச்சிடப்பட்டிருக்கும். ஓராண்டின் குறிப்புகளை வரிசையாக வைத்து எண்ணினால், உங்கள் எம்.பி. எத்தனை முறை வந்தார் என்பது தெரிந்துவிடும். 31 பேர் கொண்ட குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கினர் இருந்தாலே கூட்டம் செல்லும். எனவே தொடர்ந்து வராத ஒருவரை யாரும் கவனிக்காமலே போவதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்தக் குறிப்புகளுக்கு ஒரு வரம்பு உண்டு. உறுப்பினர்கள் ஐயங்களை எழுப்பினார்கள், அதிகாரிகள் விளக்கமளித்தார்கள் என்று பொதுவாகத்தான் எழுதியிருப்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்த பதிவு தனியாக வைக்கப்பட்டுள்ளது என்ற வரியோடு குறிப்பு முடிந்துவிடும். அந்தப் பதிவு வெளியிடப்படுவதில்லை. ஆகவே எந்தக் கேள்வியை யார் கேட்டார் என்று உங்களால் சொல்ல முடியாது. யார் அறையில் இருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த மறைவுக்கும் ஒரு பயன் இருக்கிறது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு குழுவுக்குள் வருவதில்லை. தொலைக்காட்சிக்காகப் பேசவும் தேவையில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் அமைச்சகத்தை நெருக்கிக் கேட்க முடிகிறது.

பலரும் தொடாமல் விடுவது, பரிந்துரைகள் மீது அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கை. என் பார்வையில் ஒரு குழுவின் மதிப்பை அளக்க இதைவிட நல்ல ஆவணம் இல்லை. பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைக் குழு தரம்பிரித்து மீண்டும் ஓர் அறிக்கை வெளியிடும். அதன் இரண்டாம் அத்தியாயத்தில் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் இருக்கும். மூன்றாவதில், அரசின் விளக்கத்தைக் கண்டு குழு மேற்கொண்டு வலியுறுத்தாமல் விட்டவை. நான்காவதில், அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்தவை. ஐந்தாவதில், இறுதிப் பதில் இன்னும் வராதவை. நேரம் குறைவென்றால் நான்காம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். குழுவுக்கும் அமைச்சகத்துக்கும் உண்மையில் எங்கே முட்டிக்கொண்டது என்பது அங்கேதான் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தின் நீளத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற பதிலும் ஏற்பாகவே அதில் சேர்ந்திருக்கலாம்.

கருத்து வேறுபட்ட உறுப்பினர் துறைசார் குழுவின் அறிக்கையோடு தன் மறுப்புக் குறிப்பை இணைக்கலாம். அரசின் செலவுகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்களில் அதற்கு இடமில்லை. மசோதாவுக்கென இரு அவை உறுப்பினர்களையும் கொண்டு தனியாக அமைக்கப்படும் கூட்டுக் குழுக்களில் இந்தக் குறிப்புகள் பெரும் பூசலுக்கும் காரணமாவதுண்டு. வக்பு திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழு 15க்கு 11 என்ற வாக்குகளில் அறிக்கையை ஏற்றது. 2025 பிப்ரவரியில் அது அவையில் வைக்கப்பட்டபோது, தங்கள் மறுப்புக் குறிப்புகளின் சில பகுதிகள் நீக்கப்பட்டுவிட்டதாக எதிர்க்கட்சியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஓர் உறுப்பினர் எதற்காக வேறுபட்டார் என்பதை அவர் சொற்களிலேயே படிக்க விரும்புவோர் இப்பக்கங்களைத்தான் தேட வேண்டும்.

மசோதா குழுவுக்குப் போனால் என்ன மாறும் என்பதற்குத் தகவல் உரிமைச் சட்டமே போதுமான சான்று. 2004 டிசம்பரில் அறிமுகமானபோது அந்த மசோதா மைய அரசின் அமைப்புகளை மட்டுமே தொட்டது. தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்ற இ.எம். சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழு மக்கள் அமைப்புகளை அழைத்துக் கேட்டு, 2005 மார்ச்சில் அறிக்கை தந்தது. மே மாதம் நிறைவேறிய சட்டம் மாநில அரசுகளையும் உள்ளடக்கியது. இன்று உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் நீங்கள் மனு போட முடிவது அதனால்தான். ஆனால் மசோதாக்கள் குழுவுக்குப் போவது அரிதாகிவருகிறது. பதினைந்தாம் மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. பதினேழாம் மக்களவையில் அது 16 விழுக்காடாகச் சுருங்கியது.

குழுவிடம் நீங்களே கருத்துச் சொல்லவும் வழி இருக்கிறது. ஒரு மசோதாவோ பொருளோ ஆய்வுக்கு வரும்போது குழுச் செயலகம் நாளிதழ்களிலும் இணையத்திலும் அறிவிப்பு வெளியிட்டுக் கருத்துரைகளைக் கோரும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரங்களே. இரண்டு பிரதிகள் கேட்பார்கள், ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். தமிழில் எழுத இயலாமை நமக்கு ஒரு குறைதான். மசோதாவின் எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று பிரிவுவாரியாக எழுதினால் அதிகாரிகள் அதை ஒப்பீட்டு அட்டவணையில் சேர்ப்பது எளிது. பொதுவான ஆதங்கத்தை எழுதினால் எங்கும் சேராது. நேரில் சாட்சியமளிக்க விரும்பினால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். அழைப்பது குழுவின் முடிவு.

அனுப்பிய கருத்துரை குழுவின் ஆவணமாகிவிடும். அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் அதை நாளிதழுக்குக் கொடுப்பதும் சமூக ஊடகத்தில் பகிர்வதும் நாடாளுமன்ற உரிமை மீறலாகக் கருதப்படலாம் என்பதால் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். உங்கள் எம்.பி. அந்தக் குழுவில் இல்லையென்றாலும் பரவாயில்லை. உறுப்பினர் பட்டியலில் உள்ள தமிழ்நாட்டுக்காரர் எவராயினும், அவர் எந்தக் கட்சியானாலும், நீங்கள் குறிப்பிட்ட பிரிவு எதுவென்று ஒரே பக்கத்தில் எழுதி அவருடைய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.