ப்ரெட்போர்டில் செயலி கட்டுவோர் கவனிக்க வேண்டியவை

எளிய 8 பிட் செயலி (ப்ராசஸர்) ஒன்றை, சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப்பலகையான ப்ரெட்போர்டில் கட்ட விரும்புவோர், ஐசிகளை (சிப்புகளை) விடப் போர்டுக்கும் ஒயருக்கும் தாராளமாகச் செலவிடுவது நல்லது. ஏனெனில், பிடிப்புத் தளர்ந்த மலிவான போர்டு தரும் தொல்லை, சர்க்யூட்டின் பிழையைப் போலவே தோன்றி நாள்கணக்கில் அலைக்கழிக்கும். ஒயர், 22 கேஜ் ஒற்றைக்கம்பியாக இருக்கட்டும். 830 துளைப் போர்டுகள் சிலவற்றில், மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் நீள வரிசையான பவர் ரயில் நடுவில் துண்டாகியிருக்கும் என்பதால், மல்டிமீட்டரால் தொடர்ச்சியைச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரெஜிஸ்டரான 74எல்எஸ்173, எண்களைக் கூட்டும் 74எல்எஸ்283 ஆகியவை 4 பிட் ஐசிகள்; ஆகவே, 8 பிட் கொண்ட ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் முன்னதில் இரண்டும், கூட்டலுக்குப் பின்னதில் இரண்டும் தேவை. செயலியின் இயக்கத்துக்குத் தாளம் தரும் கிளாக்குக்கு 555 டைமர் ஐசி போதும்.

மின்சாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 74எல்எஸ் ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை கிடைக்க வேண்டும். அடாப்டர் முனையில் 5 வோல்ட் இருந்தாலும், கடைசிப் போர்டை எட்டும்போது அது குறைந்துவிடலாம். எனவே, எல்லா எல்இடிகளும் எரியும் நிலையில், தொலைவிலுள்ள ஐசியின் பவர் பின்னிலேயே (மின்சாரம் பெறும் காலிலேயே) அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஐசியின் பவர் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, இயன்றவரை அருகில், 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைத் தவறாமல் பொருத்துங்கள். எல்இடிகளை ரெசிஸ்டர் இல்லாமல் அவுட்புட்டில் நேரடியாக இணைத்தால், அந்த அவுட்புட்டின் வோல்டேஜ் சரிந்து அடுத்த ஐசி தவறாகப் படிக்கக்கூடும்.