பெர்சோனா 4: துணைப் பாத்திரங்களைப் பற்றி மனத்தில் பட்டதை எழுதுவது எப்படி

ஒரு ஜப்பானிய ரோல்பிளேயிங் கேமை (ஒரு பாத்திரமாகவே இருந்து கதைக்குள் ஆடும் விளையாட்டை) முடித்த பிறகு நாயகனைப் பற்றியும் இறுதிச் சண்டையைப் பற்றியும் எழுதுவது எளிது. ஆனால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்த விளையாட்டுகளைப் பற்றி என்னோடு பேசும் நண்பர்களைக் கேட்டால், நெடுநாள் மனத்தில் தங்கியிருப்பவர்கள் துணைப் பாத்திரங்களே என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் மட்டும் "பிடித்திருந்தது", "பாவமாக இருந்தது" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அவர்களுக்கு எதுவும் வருவதில்லை. அவற்றைத் தாண்டி எழுதும் வழியை அட்லஸ் நிறுவனத்தின் பெர்சோனா 4 விளையாட்டை முன்வைத்து இங்கே சொல்கிறேன். அது 2008இல் பிளேஸ்டேஷன் 2க்கு வெளிவந்தது. 2012இல் பிளேஸ்டேஷன் வீட்டாவுக்குக் கோல்டன் என்ற விரிவான பதிப்பாகி, 2020இல் கணினிக்கும் வந்தது. மர்மமான கொலைகளைச் சுற்றிய அந்தக் கதை நடக்கும் இனாபா ஒரு சிறிய ஊர். ஒரு வீட்டில் காலையில் நடந்தது மாலைக்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும் ஊர்களில் வளர்ந்த நமக்கு, அந்த ஊர் மனிதர்களைப் புரிந்துகொள்வது கடினமாக இராது.

முதலில், விளையாட்டை முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லாப் பாத்திரங்களும் அந்த முடிவின் நிறத்தையே பூசிக்கொள்கின்றன; முதல் சந்திப்பில் நமக்குத் தோன்றியது அழிந்துபோகிறது. பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு பாத்திரம் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் உங்கள் கருத்து வேண்டாம். பாத்திரம் செய்த ஒரு செயலோ சொன்ன ஒரு சொல்லோ இருந்தால் போதும்.

நானகோவை எடுத்துக்கொள்வோம். அவள் நாயகனின் மாமா டோஜிமாவின் மகள். பள்ளி மாணவனான நாயகன் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் இரவு, மூவரும் சாப்பிட உட்காரும்போது டோஜிமாவின் கைப்பேசி ஒலிக்கிறது. காவல்துறையில் துப்பறிவாளரான அவர் உடனே எழுந்து கிளம்புகிறார். வெளியே போனவர், மழை பெய்கிறது, துணிகளை என்ன செய்தாய் என்று குரல் கொடுக்கிறார். ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டதாக, தொடக்கப் பள்ளியில் படிக்கும் அந்தச் சிறுமி பதில் சொல்கிறாள். பிறகு தொலைக்காட்சியைப் போடுகிறாள். ஜூன்ஸ் என்ற பெரிய கடையின் விளம்பரம் வந்ததும் அதன் பாட்டைக் கூடவே பாடுகிறாள். தாயை விபத்தில் இழந்தவள் அவள் என்ற செய்தியை விளையாட்டு பின்னர்தான் சொல்கிறது. ஆனால் அந்த வீட்டில் யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது துணியைப் பற்றிய அந்த ஒரு கேள்வியிலும் பதிலிலும் முழுமையாகத் தெரிந்துவிடுகிறது. "நானகோ பாசமான, பரிதாபமான குழந்தை" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. "மழை வருவதைப் பார்த்து யாரும் சொல்லாமலே துணிகளை எடுத்து வைக்கும் குழந்தைக்கு, அந்த வீட்டில் குழந்தையாக இருக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றியது" என்று எழுதினால், காட்சியும் கிடைக்கும், உங்கள் மனமும் கிடைக்கும். எந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதினாலும் இந்த வரிசையைக் கைவிடாதீர்கள்: முதலில் அவர் செய்தது, அதன் பிறகு உங்களுக்குத் தோன்றியது.

இரண்டாவது, யாருடைய இடத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இதற்கு நம் மண்ணிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமானை ஒளவையார் பாடும்போது, அவன் நல்லவன் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. ஊர்ச் சிறுவர்கள் தன் தந்தங்களைக் கழுவ நீர்த்துறையில் இடங்கொடுத்துப் படுத்திருக்கும் யானையைப் போல எங்களுக்கு இனியவன், மதங்கொண்ட அதே யானையைப் போலப் பகைவர்க்கு இன்னாதவன் என்கிறார். டோஜிமா இப்படி எழுதப்பட வேண்டியவர். காவல் நிலையத்தில் அவர் கண்டிப்பான அதிகாரி. மனைவியை மோதிவிட்டுத் தப்பிச்சென்ற வண்டியோட்டியை விடாமல் தேடும் கணவர். மகளுக்கோ வீட்டில் இல்லாத தந்தை. இருள் பிரியுமுன் ஓசூர்த் தொழிற்சாலை வண்டிக்கும் பெங்களூரு ரயிலுக்கும் கிளம்பும் பெற்றோர் உள்ள வீடுகளில் வளர்ந்த ஒருவர், மகளின் பக்கம் நின்று அவர்மேல் கோபப்படக்கூடும். தாமே அப்படிக் கிளம்புகிறவர் அவருக்காக வாதாடக்கூடும். இரண்டும் நேர்மையான கருத்துகளே. எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள் என்பதை மறைத்து, நடுநிலைக் குரலில் தீர்ப்பு எழுதும்போதுதான் கட்டுரை பொய்யாகிறது.

மூன்றாவது, சரியான பதில்களைப் பட்டியலிட்டுத் தரும் இணைய வழிகாட்டிகளை முதல்முறை விளையாடும்போது ஒதுக்கிவையுங்கள். இந்த விளையாட்டில் ஒவ்வொரு துணைப் பாத்திரத்தோடும் உள்ள நெருக்கம் சோஷியல் லிங்க் எனப்படுகிறது. அது, குறி பார்க்கப் பயன்படும் டாரோ சீட்டுகளில் ஒன்றின் பெயரில் ஒன்று முதல் பத்து வரையான படிகளில் வளர்கிறது. எந்தப் பதிலுக்கு அதிகப் புள்ளி என்று பார்த்துப் பேசினால் படிகள் விரைவாக ஏறும். ஆனால் எதிரில் இருப்பவரிடம் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும், எழுதவும் எதுவும் மிஞ்சாது. பள்ளி முடிந்த பிறகும் இரவிலுமாகக் குறைந்த நேரமே தரப்படுவதால், வழிகாட்டியின்றி ஒரே சுற்றில் எல்லோரையும் பத்தாம் படிக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். யாரைத் தேடிப் போனீர்கள், யாரை நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிடித்த பாத்திரம் என்று நாம் வாயால் சொல்வதைவிட நம் மாலைப்பொழுதுகள் போன இடம் உண்மையைச் சொல்லும்.

நம் ஊர் அனுபவத்தை எவ்வளவு தூரம் உள்ளே கொண்டுவரலாம் என்ற கேள்வி எனக்கு முக்கியமானது. சில இடங்களில் அது தாராளமாகக் கைகொடுக்கும். நவோகி கொனிஷியின் அக்கா சகி, கொலையுண்டவர்களில் ஒருத்தி. அவர்கள் குடும்பம் பழைய கடைத்தெருவில் மதுக்கடை நடத்துகிறது. ஜூன்ஸ் வந்த பிறகு அந்தத் தெருவின் வியாபாரம் படுத்துவிட, சகியோ அதே ஜூன்ஸில் பகுதிநேர வேலை பார்த்தவள். அவள் உயிரோடு இருந்தபோது புறம் பேசிய ஊர், இறந்த பிறகு தம்பியைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறது. நவோகியை வருத்துவது இழப்பு மட்டுமன்று. எல்லோரும் அவனிடம் காட்டும் அந்த அனுதாபமும்தான். புறவழிச்சாலையில் பெரிய கடைகள் வந்த பிறகு கடைவீதியில் பேச்சு எப்படி மாறியது என்பதையும், துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளை தேநீர்க் கடைக்கு வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எப்படிச் சட்டென்று குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதையும் கண்டவர்கள், நவோகியைப் பற்றி எழுதும்போது தயங்கவே வேண்டாம். என் கணிப்பில், இந்த விளையாட்டின் துணைப் பாத்திரங்களில் நம் பகுதி வாசகர்கள் மிக நன்றாக எழுதக்கூடியவன் அவன்தான்.

வேறு சில இடங்களில் அதே பழக்கம் கண்ணை மறைக்கும். எரி மினாமி தன் கணவரின் மகன் யூட்டாவோடு ஒட்டமுடியாமல் தவிக்கும் இளம்பெண். மாற்றாந்தாய் என்றதும் நம் கதைகளும் திரைப்படங்களும் ஊட்டிய கொடுமைக்காரச் சித்தி மனத்தில் வந்து நின்றுகொள்வாள். எரி அவள் அல்லள். ஒரு குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் அஞ்சி, தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் மறுத்து நிற்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் கருப்பு உடையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டி ஹிசானோ குரோடாவும் அப்படியே. கருப்பு அங்கே துக்க உடையின் நிறம் என்பதை மனத்தில் கொண்டு பார்த்தால்தான், நோயால் மனைவியையே மறந்துபோன கணவரை அவர் எப்படி நினைவில் சுமக்கிறார் என்பது விளங்கும். அவரது உரையாடல்களை அவசரமாகத் தட்டிக் கடக்காமல், ஒவ்வொன்றையும் இருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். அந்தக் கணவர் இறக்கவேண்டும் என்று தாமே விரும்பியதாக அவர் சொல்லும் இடத்தில் அறிவுரை எதையும் எழுதிவிடாமல், கேட்டபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதினால் அது நிற்கும்.

பிடிக்காத பாத்திரங்களையும் விட்டுவிடாதீர்கள். பள்ளி மாணவி ஐ எபிஹாரா முதலில் பலருக்கும் எரிச்சலூட்டுவாள்; அவள் சிறுவயதில் பட்ட கேலியைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த எரிச்சல் மிஞ்சினால் அதை அப்படியே எழுதலாம். முன்கதை தெரிந்ததும் மன்னித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. மனம் மாறியிருந்தால், எந்தப் படியில் மாறியது, எந்தச் சொல் அதைச் செய்தது என்பதை நோட்டைப் பார்த்துக் குறிப்பிடுங்கள். மருத்துவமனைச் செவிலி சயோகோ உவேஹாராவை வெறும் சீண்டல்காரியாக எண்ணி நிறுத்திவிட்டவர்கள், அவரது பிற்பகுதியைப் பார்க்காமல் எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும், எந்தப் பதிப்பை விளையாடினீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே போடுங்கள். மரீ என்ற புதிய பாத்திரமும், துப்பறிவாளர் அடாச்சியோடான சோஷியல் லிங்கும் கோல்டனில்தான் சேர்க்கப்பட்டன. பழைய பதிப்பை ஆடியவருக்கு அவை தெரியா. கொலையாளி யார் என்பதைத் தொடும் எந்த வரியும் முதல் பத்திகளில் இருக்கக் கூடாது. இந்த விளையாட்டின் மறுஆக்கம் 2025இல் அறிவிக்கப்பட்டிருப்பதால் இனிமேல் புதிதாக விளையாட வருபவர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே கதைக்குள் டிசம்பர் மாதம் முதல் நடக்கும் நிகழ்வுகளைத் தனிப் பகுதியாகப் பிரித்துக் கடைசியில் வைத்து, முழுக்க விளையாடியவர்கள் மட்டும் இதற்கு மேல் படிக்கவும் என்று அதன் தலைப்பில் எழுதிவிடுங்கள்.