பனங்காடை முகம் மட்டுமா, கொறங்காடும் சேர்த்தா?

சிலருக்குப் பறவையின் இறகு ஒவ்வொன்றும் தெரியவேண்டும், பின்னணி மங்கவேண்டும். சிலருக்கோ அது வாழும் இடம் தெரியாவிட்டால் படமே இல்லை. காங்கேயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது முள்வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலியில் உட்காரும் நீலச் சிறகுப் பறவையான பனங்காடையை இரண்டு விதமாகவும் எடுக்கலாம்.

நெருக்கப் படத்துக்கு 400 மி.மீ. லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/1000 நொடி, ஃபோகஸ் கண்ணில். பின்னணி மங்குவதற்கு லென்ஸ் மட்டும் போதாது. பறவைக்குப் பின்னால் 20 மீட்டராவது வெறும் மேய்ச்சல் நிலம் இருக்கவேண்டும். வேலியின் நீளவாக்கில் நின்றால் முள்ளும் குச்சியும் பின்னால் வந்து சேரும்; குறுக்காக நில்லுங்கள்.

சூழல் படம்தான் கடினம், எங்கள் ஓட்டும் அதற்கே. 100 முதல் 200 மி.மீ., எஃப் 8. பறவை சின்னதாகவே இருக்கட்டும், ஆனால் அதன் உருவம் வானத்தின் மேலோ காய்ந்த புல்லின் மேலோ தனித்துத் தெரியவேண்டும். வெள்வேல மரக் கிளைகளோடு கலந்தால் தேடத்தான் வேண்டும். இரண்டடி நகர்ந்தாலே பெரும்பாலும் சரியாகும்.

வெள்ளோடு, நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயங்களில் வெள்ளைக் கொக்கு எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறைத்துவிடுங்கள். இருண்ட தண்ணீரைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முழுக்க வெளுத்துப்போன இறகு, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலிலும் திரும்பாது. வெயில் ஏறினால் கானல் அலையில் தூரத்துப் பறவை குழையும், விலையுயர்ந்த லென்ஸாலும் தீராது. கூடு இருந்தால் எந்தப் படமும் வேண்டாம், விலகிவிடுங்கள்.