பெண்டிரைவ், சிடி இல்லாமல் டெபியன்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புக்கு வந்த பழைய கணினியில் சிடி டிரைவ் வேலை செய்யவில்லை. கணினியைத் தொடங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் யூஎஸ்பி பூட் வசதியும் இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவ நெட்வொர்க் பூட்தான் வழி, அதாவது இன்னொரு கணினியிலிருந்து கேபிள் வழியாகத் தொடங்குவது.

லினக்ஸ் மடிக்கணினியில் முகவரியும் பூட் கோப்புகளும் வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலை நிறுவி, டெபியனின் நெட்பூட் தொகுப்பை விரித்த கோப்புறையை அதன் கோப்பு அனுப்பும் சேவையான டிஎஃப்டிபிக்குக் காட்டினேன். பழைய கணினி முதலில் எடுத்து இயக்கும் பூட் கோப்பு பிஎக்ஸ்இலினக்ஸ். மடிக்கணினியின் ஃபயர்வாலில் யுடிபி 67, 69 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு கணினிகளையும் கேபிளால் நேராக இணையுங்கள். நடுவில் வீட்டு ரவுட்டர் இருந்தால் அதன் டிஎச்சிபி (முகவரி வழங்கும் சேவை) முந்திக்கொண்டு முகவரி கொடுத்துவிடும். பூட் கோப்பின் பெயர் வராது, திரை அப்படியே நிற்கும். மடிக்கணினியின் வைஃபை இணையத்தைக் கேபிளுக்குப் பகிர்வதும் அவசியம். நெட்பூட்டில் இயங்குதளத்தின் மையமான கர்னலும் நிறுவியின் தொடக்கமும்தான் உண்டு. மீதியெல்லாம் இணையத்திலிருந்தே இறங்கும்.

பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ உள்ள கணினிக்கு பிஎக்ஸ்இலினக்ஸ் ஆகாது, கிரப் என்ற பூட் கோப்பு வேண்டும். கணினி 32 பிட் என்றால் டெபியன் 12 எடுங்கள். 13-இல் அதற்கு நிறுவியே கிடையாது.