விளம்பரத்துக்குக் காசு கட்டும் முன்: சிறு பதிப்பகத்தாருக்குச் சில இணைய விற்பனைக் குறிப்புகள்

"புத்தகம் வந்துடுச்சு, முகநூல்ல ஒரு விளம்பரம் போட்டுக் குடுங்கம்மா" என்றுதான் பெரும்பாலான பதிப்பாளர்கள் என்னிடம் வருவார்கள். நான் முதலில் அந்தப் புத்தகத்தின் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்ப்பேன். பல நேரம் ஒன்றும் வராது. வந்தால், நூலாசிரியர் எப்போதோ பேசிய கூட்டத்தின் அழைப்பிதழ் வரும். விளம்பரத்தைப் பார்த்து ஒருவருக்கு வாங்கத் தோன்றினாலும் அவர் எங்கே போய் வாங்குவார்? விலை என்ன, எத்தனை பக்கம், யாருக்குப் பணம் அனுப்புவது? எதற்கும் பதில் இருக்காது.

நான் டிடிபி வேலையிலிருந்து, அதாவது கணினியில் புத்தகப் பக்கங்களைக் கோக்கும் வேலையிலிருந்து வந்தவள். இப்போது கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு சில சிறு பதிப்பகங்களின் இணைய விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். என் கட்சி இதுதான்: தேடினால் புத்தகம் கிடைக்க வேண்டும், கேட்டால் மறுநாளே அனுப்ப முடிய வேண்டும். இந்த இரண்டும் சரியான பிறகுதான் விளம்பரம்.

புத்தகத்துக்கு ஒரு வரி

ஒவ்வொரு நூலுக்கும் எக்செல்லில் ஒரு வரி போடுங்கள். தலைப்பு தமிழில், அதே தலைப்பு ஆங்கில எழுத்தில், ஆசிரியர் பெயர் இரண்டு எழுத்திலும், ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண், பக்கம், அளவு, கட்டு, எடை, விலை, பதிப்பு ஆண்டு, பொருள், பின்னட்டைக் குறிப்பு. அமேசானோ, கடைக்காரரோ, மதிப்புரை எழுதுபவரோ, யார் கேட்டாலும் இந்த வரியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே புத்தகம் ஓரிடத்தில் 192 பக்கம், இன்னோரிடத்தில் 200 பக்கம் என்று திரியும்.

ஆங்கில எழுத்தில் எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களிலேயே பலர் கைபேசியில் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். 'ழ'வுக்கு ஒருவர் இசட்டும் எச்சும் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போட்டு முடித்துவிடுவார். அதனால் தலைப்பில் ஒரு எழுத்துக்கூட்டலை வையுங்கள். மற்ற கூட்டல்களை அமேசான் விற்பனையாளர் பக்கத்தில் தேடுசொற்களுக்கென்று இருக்கும் கட்டத்தில் போடுங்கள். ஆசிரியர் பெயரில் மட்டும் ஒரே கூட்டல்தான். ஒரு நூலில் சுப்ரமணியன், அடுத்ததில் சுப்பிரமணியன், மூன்றாவதில் முதலெழுத்து சேர்த்து என்று போனால், அவருடைய மூன்று நூல்களும் மூன்று பேர் எழுதியதுபோல் தனித்தனியாகக் கிடக்கும்.

ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையம் வழியாகவே தருகிறது. இதற்குப் பணம் வாங்கும் இடைத்தரகர்களைத் தள்ளி வையுங்கள். சாதா அட்டைக்கு ஒரு எண், கெட்டி அட்டைக்கு வேறு எண், மின்னூலுக்கு வேறு எண். மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும், திருத்திய பதிப்பென்றால் புதிது வேண்டும். எண்ணை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே எண்ணை இரண்டு நூல்களுக்குப் போடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அமேசானில் இரண்டும் ஒரே பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கவிதை கேட்டவருக்குச் சமையல் குறிப்பு போய்ச் சேரும். அதைப் பிரிக்க நீங்கள் எழுதும் மின்னஞ்சல்களையே ஒரு நூலாகப் போடலாம்.

அட்டைப்படத்துக்கு ஒரு வார்த்தை. வடிவமைப்பாளர் அச்சகத்துக்கு அனுப்பிய ராப்பர் கோப்பையே உங்களுக்கும் அனுப்புவார்: முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்து, அச்சு நிறத்தில். அதை அப்படியே ஏற்றாதீர்கள். முன்னட்டையை மட்டும் வெட்டி, திரைக்கான ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றி, ஜேபெக் படமாக வாங்குங்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்கு 2560 புள்ளி உயரம், 1600 புள்ளி அகலம் என்பது நல்ல அளவு. ஒரு முறை அந்த அளவில் வாங்கிவிட்டால் எல்லா இடத்துக்கும் ஆகும்.

அடுத்தது எழுத்துரு. கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறைகளான யூனிகோடு, டேஸ்-16 குறியாக்கங்களைத் தமிழ்நாட்டில் அரசு ஏற்று ஆணை போட்டது 2010-இல். இன்றும் பல டிடிபி மையங்களில் யூனிகோடுக்கு முந்தைய, பேஜ்மேக்கர் மென்பொருள் காலத்து எழுத்துருதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சில் அழகாக விழும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோப்பிலிருந்து பின்னட்டைக் குறிப்பை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை படித்துவிடுங்கள். 'ஸ்ரீ'யும் கொம்பும் காலும்தான் பெரும்பாலும் இடம் மாறிக் கிடக்கும்.

பின்னட்டைக் குறிப்பை மறுபடி எழுதுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் பற்றி ஒரு நூல் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னட்டையில் இப்படி இருக்கும்: "காலத்தின் கரங்களில் கரைந்துகொண்டிருக்கும் ஒரு கலையின் கண்ணீர்த் துளிகள். வாசிப்பவர் நெஞ்சை உலுக்கும் அரிய ஆவணம்."

இதில் விளக்கு என்ற சொல்லே இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. இந்த வரிகளை நெசவு நூலுக்கும் போடலாம், தெருக்கூத்து நூலுக்கும் போடலாம். இதை ஒருவரும் தேட மாட்டார்கள், தேடுபொறிக்கும் பிடிக்க எதுவும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கும்பகோணம் அருகே உள்ள நாச்சியார்கோவிலில் காவிரி வண்டல் மண்ணில் அச்சுக் கட்டிப் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற இந்த விளக்கின் பாகங்கள், வார்ப்பு, கடைசல், மெருகு எல்லாம் படங்களோடு. பட்டறைக்காரர்களின் கூலி, உலோக விலை, இடைத்தரகு பற்றித் தனி இயல்."

இரண்டாவதில் உணர்ச்சி குறைவுதான். ஆனால் கும்பகோணம், நாச்சியார்கோவில், குத்துவிளக்கு, புவிசார் குறியீடு, பித்தளை வார்ப்பு என்று எதைத் தேடி வருபவரும் இதில் வந்து முட்டிக்கொள்வார். ஊர், ஆறு, தொழில், சமூகம், ஆண்டு, ஆள் பெயர்: இவற்றில் நூலில் உள்ளவை குறிப்பிலும் இருக்கட்டும். நாவல் என்றாலும் எந்த ஊரில், எந்தக் காலத்தில் நடக்கிறது என்று சொல்லுங்கள். "வாழ்வின் பொருளைத் தேடும் பயணம்" என்ற வரியை இனி யாரும் எழுதாமலிருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதே நூலை வேறு பத்துப் பேரும் போட்டிருப்பார்கள், விலையிலும் உங்களை முந்துவார்கள். முதல் பதிப்போடு ஒப்பிட்டீர்களா, அருஞ்சொல் பொருள் சேர்த்தீர்களா, எழுத்து பெரிதா? அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். சொல்ல எதுவும் இல்லையென்றால் அந்த நூலை இணையத்தில் விற்க மெனக்கெடாதீர்கள்.

தபால் கணக்கு

பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. சிறு பதிப்பகங்கள் அதை நம்பித்தான் தபாலில் விற்றுக்கொண்டிருந்தன. அடுத்த சில மாதங்கள் கூரியர்க்காரர் சொன்னதுதான் விலை. 2025 மே 1 முதல் அஞ்சல் துறை 'கியான் போஸ்ட்' என்று புத்தகங்களுக்கென ஒரு சேவை கொண்டுவந்தது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், கண்காணிப்பு எண் உண்டு. கட்டணம் மாறியிருக்கிறதா என்று கவுன்டரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். உங்கள் நூல் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருந்தால் தப்பில்லை, வேறு விளம்பரம் கூடாது. பருவ இதழ்களுக்கு இது செல்லாது. வாசகருக்கு அன்பளிப்பாக உங்கள் சிற்றிதழையும் உள்ளே செருகி அனுப்பும் வேலை வேண்டாம்.

இந்த 300 கிராமை வைத்தே புத்தகத்தைத் திட்டமிடலாம். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் 14 ஃபாரம், அதாவது 224 பக்கம், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள், சாதா அட்டை என்றால் ஏறக்குறைய 255 கிராம் வரும். கட்டும் நெளி அட்டையும் உறையும் சேர்த்துச் சிக்கனமாகக் கட்டினால் 300-க்குள் அடங்கும். அதே நூலை 80 ஜிஎஸ்எம்மில் அடித்தால் புத்தகம் மட்டுமே 290-ஐத் தொட்டுவிடும், கட்டியதும் அடுத்த கட்டணத்துக்கு ஏறிவிடும். "தாள் கொஞ்சம் தடிமனா இருந்தா புத்தகம் கனமாத் தெரியும்" என்று அச்சகத்தார் சொல்வார்கள். அந்தக் கனத்துக்கு ஒவ்வொரு பிரதிக்கும் தபாலில் காசு கட்டப்போவது நீங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள்.

கட்டும்போது மூலைகளைக் கவனியுங்கள். முதலில் புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, ஐப்பசி கார்த்திகையில் இது இல்லாமல் அனுப்பவே கூடாது. மேலே புத்தகத்தைவிட இரு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டிய நெளி அட்டை. விழுந்தால் அட்டையின் ஓரம் மடங்கும், புத்தக மூலை தப்பும்.

இப்போது பணக் கணக்கு. 200 ரூபாய் நூலைக் கடைக்கு 35 விழுக்காடு கழிவில் கொடுத்தால் 130 வரும், அதுவும் சில மாதம் கழித்து. ஆசிரியருக்கு 10 விழுக்காடு, 20 ரூபாய் போக 110. அதையே வாசகருக்கு நேரடியாக, புத்தகக் காட்சிகளில் கொடுக்கும் அதே 10 விழுக்காடு தள்ளுபடியில், தபால் செலவை நீங்களே ஏற்று 180-க்குக் கொடுங்கள். தபால் வரியோடு 25, கட்டுவதற்கு 5, ஆசிரியருக்கு 20. மிச்சம் 130, அன்றைக்கே யுபிஐயில். அச்சுச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அமேசான் இதில் எங்கே வருகிறது? கமிஷன், ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிக்கும் முடிப்புக் கட்டணம், அனுப்பும் கட்டணம் என்று அவர்கள் பிடிப்பதையெல்லாம் பிடித்த பின் 200 ரூபாய்க்குக் கீழான ஒற்றை நூலில் பெரிதாக எதுவும் நிற்பதில்லை. ஆனாலும் அங்கே இருங்கள். பேர் கேள்விப்பட்டு வருபவர் முதலில் தேடுவது அங்கேதான். மலிவான சிறு நூல்களை மூன்று நான்காகச் சேர்த்துத் தொகுப்பாக ஏற்றினால் கட்டுப்படியாகும். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், புத்தகம் மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி எண் இல்லாமலே விற்பனையாளர் கணக்குத் தொடங்கலாம்.

மின்னூலுக்கு இரண்டே எச்சரிக்கை. பழைய ஒப்பந்தங்களில் மின்னுரிமை பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆசிரியரிடம் எழுதி வாங்காமல் ஏற்றாதீர்கள். கிண்டிலில் 'செலக்ட்' திட்டத்தைத் தேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்க முடியாது, அச்சுக்கு இது பொருந்தாது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் ஈழத் தமிழ் வாசகர்களுக்குப் புத்தக விலையைவிடத் தபால் விலை அதிகம், அவர்களுக்கு மின்னூல்தான் வழி.

வாசகர் பட்டியல்

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில், நெய்வேலி, ஈரோடு அதற்குப் பிறகு, இப்போது மாவட்டத்துக்கு ஒன்று. கடை போட்டு, விற்று, பில் கிழித்துக் கொடுத்து, வாங்கியவர் யாரென்று தெரியாமலே வீட்டுக்கு வருகிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் கியூஆர் ஒட்டிவையுங்கள். "புது நூல் வந்தால் மட்டும் சொல்வோம், எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று வாயாலும் சொல்லுங்கள். எண்ணைச் சேமித்தவருக்குத்தான், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை. பலரைப் பிடித்துக் குழுவில் போடாதீர்கள். பெண் வாசகர்கள் முதல் ஆளாக வெளியேறுவார்கள், அவர்கள் எண் முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் தெரிகிறதே.

வந்த எண்களுக்கு என்ன வாங்கினார் என்று பார்த்து அடையாளம் இடுங்கள்: கவிதை, வரலாறு, சிறார், மொழிபெயர்ப்பு. சிறார் நூல் வாங்கிய அம்மாவுக்குத் தத்துவ நூல் அறிவிப்பு வேண்டாம். மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் போனால் மௌனமாக்கிவிடுவார்கள். அனுப்பும்போது அட்டைப்படத்தோடு பொருளடக்கப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கட்டுரை நூல்களுக்கு அட்டையைவிட அதுதான் விற்கும்.

இந்தப் பட்டியல் இருந்தால், நூல் வருமுன்பே பணம் வாங்கிக்கொள்ளும் முன்வெளியீட்டுத் திட்டம் நடத்தலாம். எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள் என்று பார்த்து அச்சு எண்ணிக்கையை முடிவுசெய்யலாம். அரசு நூலகங்கள் நூல் வாங்கும் ஆணையை நம்பி ஆயிரம் அடித்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்குவதைவிட இது மேல். ஆனால் முன்பதிவை ஆடியிலோ ஆவணியிலோ வையுங்கள். மார்கழி நெருங்கினால் சென்னை அச்சகங்களில் புத்தகக் காட்சி நெரிசல், சிவகாசியில் காலண்டர், டைரி நெரிசல். சொன்ன தேதிக்குப் புத்தகம் கைக்கு வராது, பணம் கட்டியவர் உங்களை முகநூலில் கேள்வி கேட்பார்.

இதெல்லாம் ஆன பிறகு விளம்பரம் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வசதி இருக்கிறது: இணைப்பைத் தொட்டால் உங்களுக்கு அனுப்ப வேண்டிய செய்தி முன்கூட்டியே எழுதித் தயாராக நிற்கும்படி செய்யலாம். முகநூல் விளம்பரத்துக்கு "குத்துவிளக்கு நூல் வேண்டும், முகநூல்" என்றும், ஆசிரியர் தன் நண்பர்களுக்கு அனுப்பும் இணைப்பில் "குத்துவிளக்கு நூல் வேண்டும், ஆசிரியர் வழி" என்றும், யூடியூபில் நூல் அறிமுகம் செய்பவருக்கு இன்னொன்றும் கொடுங்கள். எந்த வழியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது வரும் செய்தியிலேயே தெரிந்துவிடும். நான் பார்த்தவரை ஆசிரியர் வழிதான் பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. முகநூலில் நாளைக்கு 200 ரூபாய் உச்சவரம்பு வைத்து, நூலோடு தொடர்புள்ள மாவட்டங்களை மட்டும் தேர்ந்து ஒரு வாரம் ஓட்டுங்கள். அந்த வாரத்தில் "முகநூல்" என்று முடியும் செய்திகள் விளம்பரக் காசைத் திருப்பித் தரவில்லையென்றால் நிறுத்திவிட்டு, ஆசிரியருக்கு இன்னும் பத்துப் பிரதி அனுப்புங்கள்.