செவ்வாயில் முதல் பாத்தி: உவர் நிலத்துக்காரர் சொல்லும் வரிசை

ஆரம்பாக்கம், தடா பக்கம் பழவேற்காடு ஏரியின் உப்புக் காற்றுப் படும் இடத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு, கெட்ட மண்ணைத் திருத்த ஒரு வரிசை உண்டென்பது தெரியும்: முதலில் வரப்பை உயர்த்துவோம், மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிப்போம், தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழுவோம், நெல் அதற்குப் பிறகுதான். ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யான் விண்கலம் கிளம்பிச் சென்ற செவ்வாய்க் கோளை மனிதர் குடியிருக்கும் இடமாக்கவும் ஏறக்குறைய இதே வரிசைதான் பொருந்தும்.

அங்கே வரப்பு என்பது காற்றழுத்தம். பலரும் ஆக்சிஜனைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள். ஆனால் செவ்வாயின் தரையில் அழுத்தம் சராசரியாக 6 மில்லிபார் அளவே உள்ளது. நம் கடற்கரையில் அது 1013. அழுத்தம் 63 மில்லிபாருக்குக் கீழே இறங்கினால் நம் உடல் வெப்பத்திலேயே நீர் கொதிக்கும் என்பதால், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அழுத்த உடை இல்லாமல் வெளியே நிற்க முடியாது. துருவப் பனியையும் மண்ணில் சிக்கிய வாயுவையும் விடுவித்துக் கோள் முழுவதற்கும் காற்றுப் போர்வை போர்த்தலாம் என்ற பழைய யோசனையை, கிடைக்கக்கூடிய கரியமில வாயு அனைத்தும் சேர்ந்தாலும் சுமார் 20 மில்லிபார்தான் தேறும் என்ற 2018ஆம் ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய முடித்துவைத்தது. அதற்கு மேல், கோளளவிலான காந்தப் புலம் அங்கே இல்லாததால் சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்கள்) வளிமண்டலத்தைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்கிறது. எனவே முழு ஏரியையும் வயலாக்க நினைக்காமல் ஒரு பாத்தியில் தொடங்குவதே என் யோசனை.

மண்ணுக்கடியில் பனிக்கட்டி இருக்கும் தாழ்வான வடபகுதிச் சமவெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒளி புகும் உறுதியான கூரையால் மூடுங்கள். அதன்மேல் 2 முதல் 3 சென்டிமீட்டர் தடிமனில் சிலிக்கா ஏரோஜெல் என்னும் மிக இலேசான நுண்துளைப் பொருளைப் பரப்பினால், வெளிச்சம் உள்ளே வரும், புற ஊதாக் கதிர் தடைபடும், தரையின் வெப்பநிலை இருப்பதைவிட 50 டிகிரி வரை கூடும் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே ஓர் எச்சரிக்கை: நம் ஊர்க் கூரை விழுந்துவிடுமோ என்று அஞ்சுவோம், அங்கே அது பறந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டும். உள்ளே 100 மில்லிபார் வைத்தாலே ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய ஒரு டன் விசை மேல்நோக்கித் தள்ளும். ஆகவே ஓரங்களை ஆழமாகப் புதைத்து நங்கூரமிடுங்கள். கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கதிர்வீச்சு, நாளொன்றுக்கு சுமார் 0.67 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவை); நாள்பட்டால் அது உடலுக்குக் கெடுதல். எனவே படுக்கும் அறைகளை மட்டும் சில மீட்டர் மண்ணுக்குள் அமைக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. ஃபீனிக்ஸ் கலம் 2008இல் கண்டறிந்த பெர்குளோரேட், தைராய்டைக் கெடுக்கும் நஞ்சு. அது எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை மண்ணில் கலந்துள்ளது. நல்ல வேளையாக அது நீரில் எளிதாகக் கரையும். பனிக்கட்டியை உருக்கித் தேக்குங்கள், வடியுங்கள், மறுபடி தேக்குங்கள். ஆனால் நாம் ஏரிப்பக்கம் வடித்துவிடுவதைப்போல் வடிநீரை விட்டுவிடக் கூடாது. பெர்குளோரேட்டைச் சாதாரண குளோரைடாக உடைக்கும் பாக்டீரியாக்கள் உள்ளன, அவை அந்த வேலையில் ஆக்சிஜனையும் உண்டாக்குகின்றன. பிறகு நீரைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்காற்று இதற்குப் பிறகுதான். செவ்வாய்க் காற்றின் கரியமில வாயுவைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் மாக்ஸி கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் தந்தது. ஒருவருக்கு அது மூன்றரை மணி நேரத்துக்குப் போதும். வழி உறுதிப்பட்டுவிட்டது, இனி அளவைப் பலமடங்காக்குவதுதான் பாக்கி.

கடைசியில் தக்கைப்பூண்டு. அதன் வேர்முடிச்சுகளுக்கு நைட்ரஜன் வேண்டும். வெளிக்காற்றில் அது சுமார் 3 சதவீதமே என்பதால், பிரித்துச் சேர்த்துக் கூரைக்குள் நிரப்புங்கள். நாள் 24 மணி 39 நிமிடம், அதில் தொந்தரவு இல்லை. வெயில்தான் நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. ஆகவே இங்கே 45 நாளில் மடக்குவதைப்போல் நாளை எண்ணாமல், பூ எடுக்கும்வரை காத்திருந்து மடக்கி உழுங்கள்.