விளம்பரக் குதிரைத்திறனை நம்பி டியூனிங்கில் இறங்குவோர் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் இரண்டு குடும்ப செடான்களின் விவரத் தாள்களை எடுத்து வந்தார். குதிரைத்திறன் அச்சிடப்பட்டிருந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டி, "இதில் ஐம்பது கூடவே இருக்கிறது, டியூன் செய்தால் எங்கேயோ போய்விடும் அல்லவா?" என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட வட்டமும் அதே வரியில்தான் இருந்தது. பழைய ஆயிலோடு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) செய்வது, தேய்ந்த டயரோடு பவரைக் கூட்டுவது போன்றவை யாருக்கும் தெரிந்த தவறுகள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெரிய எண்ணே நல்ல அடித்தளம் என்று எண்ணுவது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. விவரத் தாளில் உள்ள எண், இன்ஜின் ஏதோ ஒரு சுழற்சி வேகத்தில் தொடும் உச்சத்தை மட்டுமே சொல்கிறது. தயாரிப்பாளர் இன்னும் எவ்வளவைக் கையிருப்பில் வைத்திருக்கிறார் என்பதை அது சொல்வதில்லை.

2018 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த இரண்டு கார்களைப் பாருங்கள். டொயோட்டா கேம்ரியின் 3.5 லிட்டர் வி6 இன்ஜினுக்கு 6,600 ஆர்பிஎம்மில் 301 குதிரைத்திறன். ஹோண்டா அக்கார்டின் 2.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) இன்ஜினுக்கு 6,500-இல் 252. வட்டமிடுபவர் கேம்ரியைத்தான் வட்டமிடுவார். ஆனால் அடுத்த வரியில், கேம்ரியின் 362 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) 4,700-இல்தான் கிடைக்கிறது என்றும், அக்கார்டின் 370 நியூட்டன் மீட்டர் 1,500 முதல் 4,000 வரை மாறாமல் நிற்கிறது என்றும் இருக்கும். குன்றுபோல் ஏறி இறங்க வேண்டிய டார்க் கோடு இப்படி மேசைப் பலகைபோல் மட்டமாக இருந்தால், இன்ஜினால் அதற்குமேல் முடியவில்லை என்று பொருளல்ல. இன்ஜின் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்றே பொருள்.

டர்போ இல்லாத இன்ஜினில் திறக்க அப்படியொரு தாழ்ப்பாள் இல்லை. அதற்குள் காற்றைத் தள்ளுவது ஏறத்தாழ ஒரு பார் அளவுள்ள வளிமண்டல அழுத்தம் மட்டுமே. அந்த வி6-இல் கம்ப்ரெஷன் விகிதமே 11.8, இக்னிஷன் டைமிங்கும் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) தொடங்கும் எல்லையை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலை பிழிந்து முடித்த கரும்பை நாம் மறுபடியும் ஆலையில் கொடுக்கிறோம். டர்போ இன்ஜினிலோ, உள்ளே செல்லும் காற்றின் மொத்த அழுத்தத்தை 2 பாரிலிருந்து 2.3 பாராக உயர்த்தினாலே, வெப்பநிலை ஏறாதபடி இன்டர்கூலர் பார்த்துக்கொண்டால், சுமார் 15 சதவீதம் கூடுதல் காற்று கிடைத்துவிடுகிறது.

இதையெல்லாம் அறியாமல் நான் ஒரு ஆறு சிலிண்டர் செடானை வாங்கி, இன்டேக், ஹெடர், எக்ஸாஸ்ட், கடைசியாக ரீமேப் என்று இரண்டு ஆண்டுகள் ஒவ்வொன்றாக மாற்றினேன். முடிவில் டைனோவில் (பவரை அளக்கும் மேடையில்) ஏற்றியபோது கூடியிருந்தது 11 குதிரைத்திறன். தாளில் முன்பு அளந்த நீலக் கோடும் பின்பு அளந்த சிவப்புக் கோடும் 5,500 வரை ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடந்தன; அதற்குமேல் மட்டும் நூலளவு விலகின. டைனோ இயக்குபவர் பேனா மூடியால் அந்த இடைவெளியைத் தொட்டுக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடுத்து ஏறிய நான்கு சிலிண்டர் டர்போவின் பட்டியல் எண் என்னுடையதைவிடக் குறைவு. மடிக்கணினியை இணைத்து முக்கால் மணி நேரம் வேலை செய்தார்கள்; அதன் டார்க் 60 நியூட்டன் மீட்டர் கூடியது. அந்தத் தாளை இன்னும் டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கியர்பாக்ஸைக் கேட்காமல் டார்க்கைக் கூட்டுவது

தாழ்ப்பாள் போட்டதற்குக் காரணம் பல சமயம் இன்ஜினில் இருக்காது. ஆடி ஏ3-இன் 1.8 லிட்டர் டர்போ 180 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) என்றே விற்கப்பட்டது. முன்சக்கர இயக்கத்துடன் வந்தபோது 250 நியூட்டன் மீட்டர், குவாட்ரோவாக (நான்கு சக்கர இயக்கத்துடன்) வந்தபோது 280. முன்னதில் இருந்த ஏழு கியர் உலர் (ஆயிலில் நனையாத) கிளட்ச் பெட்டி 250 வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. பின்னதில் ஆறு கியர் ஈரக் கிளட்ச் பெட்டி இருந்தது. விளம்பர எண் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வாங்குபவருக்கு வேறுபாடு தெரியவே தெரியாது. என் நண்பர் ஒருவர் இத்தகைய உலர் கிளட்ச் காரில் 320 வரை ஏற்றிக்கொண்டு மகிழ்ச்சியாகத்தான் ஓட்டினார்; பிறகு ஒரு நாள் மேட்டில், வண்டிகள் ஊர்ந்து செல்லும் வரிசையில், கருகல் வாடை வந்தது. ரீமேப் செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதல்ல. 2,000 ஆர்பிஎம்மில் டார்க் எவ்வளவு ஏறும், அதைக் கியர்பாக்ஸ் தாங்குமா என்பதே.

அலகு

100 கிலோவாட் என்பது 136 பிஎஸ், அதுவே 134 பிஎச்பி (ஆங்கிலக் குதிரைத்திறன்). இரண்டு குதிரைகளைச் செலவில்லாமல் சம்பாதித்துக்கொள்ளலாம்.

பழைய பட்டியல் எண்ணைப் புதியதோடு ஒப்பிடுவது

2006 மாடலுக்கு அமெரிக்காவில் அளவீட்டு விதிகள் இறுக்கப்பட்டபோது, கேம்ரியின் 3.0 லிட்டர் வி6 210-இலிருந்து 190-ஆக இறங்கியது. இன்ஜின் அதேதான்.

ஏர் ஃபில்டர்

மாற்றினால் சத்தம் கூடும்.

சக்கரத்தில் அளந்ததை விளம்பரத்தோடு ஒட்டவைப்பது

பட்டியல் எண் இன்ஜினின் கிராங்க் தண்டில் அளந்தது. சாதாரண டைனோ சக்கரத்தில் அளக்கிறது. நடுவில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தின்றுவிடும் பங்கை எல்லாரும் 15 சதவீதம் என்று வைத்துப் பெருக்கி, "கம்பெனி குறைத்துச் சொல்லியிருக்கிறது" என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த இழப்பு எல்லாக் கார்களுக்கும் ஒரே விகிதமாக இருப்பதில்லை, பவர் ஏறும்போது அதே விகிதத்தில் ஏறுவதும் இல்லை. ஆகவே முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில், கூடுமானவரை ஒரே நாளில் அளந்து, இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் பார்க்க வேண்டும். தாள் கைக்கு வந்ததும் உச்ச எண்ணுக்கு முன், உள்ளிழுத்த காற்றின் வெப்பநிலையைக் குறித்திருக்கும் சின்ன வரியைத் தேடுங்கள். முதல் ஓட்டம் சூடான இன்ஜினிலும் இரண்டாவது ஆறிய இன்ஜினிலும் எடுக்கப்பட்டிருந்தால், கூடியதாகக் காட்டும் பவரில் ஒரு பகுதி இன்ஜினை ஆற்றிய காற்றாடி கொடுத்தது.